ஒரே வீட்டில் 3 பூனை... ஒண்ணு மட்டும் தட்டு பக்கமே வரலையா? காரணம் திமிர் இல்லை, பயம்!

சோலூர்:

ஊட்டி அருகே உள்ள சோலூர் சுற்றுவட்டாரத்தில் பூனை வளர்க்கும் வீடுகள் ஏராளம். உருளைக்கிழங்கு, கேரட் மூட்டை அடுக்கி வைக்கும் வீடாக இருந்தாலும் சரி, தேயிலை எஸ்டேட் லைன் வீடாக இருந்தாலும் சரி, எலித் தொல்லைக்கு பூனையை விட்டால் வேறு வழியில்லை. ஒரு பெட்டைப் பூனை வந்தால் போதும். அடுத்த வருஷமே வீட்டில் மூணு, நாலு என்று கணக்கு ஏறிவிடும்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. நேற்று வரை ஒரே தட்டில் தலையை விட்டு சாப்பிட்ட பூனைகள் திடீரென முறைத்துக் கொள்கின்றன. ஒன்று எல்லார் பங்கையும் அவசர அவசரமாக விழுங்கிவிட்டு அடுப்படியிலேயே வாந்தி எடுக்கிறது. இன்னொன்று தட்டு பக்கமே வராமல் பரண் மேல் ஏறி உட்கார்ந்து கொள்கிறது.

'நல்லாத்தானே இருந்துச்சு, திடீர்னு திமிர் பிடிச்சுப் போச்சு' என்று திட்டுவோம். அப்புறம் வீட்டுக்குள் அங்கங்கே சிறுநீர் கழிக்க ஆரம்பித்தால் பொறுமை போய்விடும். கடைசியில் சாக்குப்பையில் போட்டு டீத்தோட்டம் பக்கம் கொண்டு போய் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. சிறுத்தையும், தெருநாய்களும் சுற்றும் மலை இது. அடுப்பு ஓரத்தில் படுத்துப் பழகிய பூனை அங்கே எத்தனை நாள் தாங்கும்?

ஆனால் பெரும்பாலான வீடுகளில் தப்பு பூனை மேல் இல்லை. நாம் தட்டு வைக்கிற இடத்தில்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் பூனைக்கு உடம்பு சரியில்லை. இந்த இரண்டில் எது என்று கண்டுபிடித்தால் பூனையும் பிழைக்கும், வீட்டிலும் நிம்மதி இருக்கும்.

தனி வேட்டை, தனி சாப்பாடு

நாயும் பூனையும் ஒரே வீட்டில் வளர்ந்தாலும் ரத்தம் வேறு. நாயின் முன்னோரான ஓநாய் கூட்டமாக வேட்டையாடி கூட்டமாக சாப்பிடும். வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்க காட்டுப்பூனை. அது தனியாகப் பதுங்கும், தனியாகப் பிடிக்கும், தனியாகவே சாப்பிடும்.

பூனை மனுஷனோடு சேர்ந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதரின் அருகிலேயே பூனையும் புதைக்கப்பட்டிருந்த 9,500 ஆண்டு பழமையான குழியை ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் வெளியுலகுக்கு தெரிவித்தார்கள். இத்தனை ஆயிரம் வருஷம் கழித்தும் சாப்பாட்டு விஷயத்தில் பூனையின் குணம் மாறவில்லை.

ஒரு சுண்டெலியில் கிடைக்கும் சத்து சுமார் 30 கலோரி. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி வரை தேவை. அதாவது 7, 8 எலி. அதனால்தான் பூனையின் வயிறு சின்னது. கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை சாப்பிடுவதே அதன் வழக்கம். தட்டில் எப்போதும் சாப்பாடு இருந்தால் ஒரு நாளைக்கு 10 முதல் 20 தடவை வரை கூட வந்து கொறித்துவிட்டுப் போகும்.

நாம் என்ன செய்கிறோம்? காலையில் கொழுந்து பறிக்கக் கிளம்பும் அவசரத்தில் ஒரே தட்டில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகிறோம். 3 பூனையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிட வேண்டியிருக்கிறது. பார்க்க நமக்கு ஒற்றுமை போலத் தெரியும். பூனைக்கு அது கட்டாயம். பசிக்காக சகித்துக் கொள்கிறது, அவ்வளவுதான். இதில் ஒன்று பலசாலி ஆகிவிட்டால் மற்றது பட்டினி.

சத்தமே இல்லாத சண்டை

பூனை சண்டை என்றால் நமக்குத் தெரிந்தது ராத்திரியில் ஓட்டு மேல் நடக்கும் கூச்சல்தான். வீட்டுக்குள் நடக்கும் சண்டை பெரும்பாலும் அப்படி இருக்காது. சத்தமே வராது.

பலசாலி பூனை வாசல்படியில் சும்மா படுத்திருக்கும். நமக்கு அது ஓய்வு எடுப்பது போலத் தெரியும். உண்மையில் அது வழியை மறித்துப் படுத்திருக்கிறது. அதைத் தாண்டி சாப்பாட்டுத் தட்டுக்குப் போக மற்ற பூனைக்கு தைரியம் வராது. கண் இமைக்காமல் ஒரு முறைப்பு முறைத்தாலே போதும், பயந்த பூனை திரும்பிப் போய்விடும்.

பல பூனைகள் உள்ள சுமார் 2,500 வீடுகளில் தகவல் சேகரித்து நடத்திய ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. அதில் தகராறுக்கான அடையாளங்களில் அதிகமாகக் காணப்பட்டது கடிப்பதோ பிராண்டுவதோ இல்லை, முறைத்துப் பார்ப்பதுதான். அமெரிக்க பூனை மருத்துவர்கள் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது. சண்டை சத்தம் கேட்கவில்லை என்பதற்காக வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது.

கீழ்க்கண்ட அறிகுறிகள் இருந்தால் உங்கள் வீட்டுப் பூனைகளுக்குள் உரசல் இருக்கிறது என்று அர்த்தம்:

* ஒன்று வந்ததும் இன்னொன்று எழுந்து போய்விடுவது
* சாப்பிடும்போது அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்ப்பது
* மெல்லாமல் விழுங்கி, உடனே வாந்தி எடுப்பது
* எல்லோரும் தூங்கிய பிறகு வந்து சாப்பிடுவது
* பகல் முழுக்க பரண், பீரோ, கட்டிலுக்கு அடி என்று ஒளிந்து கிடப்பது
* மணல் தட்டை விட்டுவிட்டு மூலையில் சிறுநீர் கழிப்பது

ஒன்றை ஒன்று நக்கிவிடுவது, உடம்போடு உடம்பு உரசுவது, ஒட்டிப் படுப்பது எல்லாம் நட்புக்கு அடையாளம். ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறக் கூடாது. மார்கழி உறைபனியில் அடுப்பு ஓரம் எல்லாப் பூனையும் ஒட்டிக் கிடக்கும். அது குளிருக்காக. வெயில் வந்த பிறகும் சேர்ந்து படுக்கிறதா என்று பாருங்கள். அதுதான் உண்மையான நட்பு.

திடீர்னு ஏன் மாறுது?

'குட்டியில் இருந்து ஒண்ணா வளர்ந்தது' என்பதுதான் எல்லோரும் சொல்வது. குட்டிகள் 2, 3 வயதுக்குள் முழுசாகப் பெரிய பூனையாகிவிடும். அப்போது தனக்கென்று இடம் பிடிக்கும். கூடப் பிறந்ததாக இருந்தாலும் விலகிப் போகலாம்.

இரண்டாவது காரணம் வாசனை. பூனைகள் ஒன்றை ஒன்று கண்ணால் பார்ப்பதை விட மூக்கால்தான் அதிகம் அடையாளம் காண்கின்றன. ஊட்டிக்கு கொண்டு போய் ஊசி போட்டுத் திரும்பிய பூனை மேல் மருந்து வாசனை வீசும். வீட்டில் இருக்கும் பூனைக்கு அது அன்னியப் பூனை. சீறும், அடிக்கும். நாம் புரியாமல் விழிப்போம்.

மூன்றாவது காரணம் வெளிப் பூனை. ஜன்னலுக்கு வெளியே ஊர் கடுவன் பூனை வந்து நிற்கும். உள்ளே இருக்கும் பூனைக்கு ஆத்திரம். கண்ணாடியைத் தாண்டிப் போக முடியாது. அந்தக் கோபத்தை பக்கத்தில் நிற்கும் பூனை மேல் காட்டிவிடும். எங்கேயோ பட்ட கோபத்தை வீட்டில் காட்டும் மனுஷன் கதைதான். ஆனால் அடி வாங்கிய பூனைக்கு அது மறக்காது. அன்று முதல் அந்த இரண்டுக்கும் ஆகாது.

நான்காவது காரணம் மழை. ஜூன் மாதம் தென்மேற்கு பருவமழை பிடித்தால் பூனை வெளியே போவது குறைந்துவிடும். வெயில் நாளில் ஆளுக்கொரு திசையில் சுற்றும் 4 பூனையும் 2 அறைக்குள் அடைபடும். இடம் குறையக் குறைய உரசல் அதிகமாகும்.

புதுப் பூனை வருவது, ஒன்று குட்டி போடுவது, ஒன்று செத்துப் போவது, வீடு மாறுவது, விருந்தாளிகள் வந்து தங்குவது இதெல்லாமும் காரணமாகலாம்.

முதலில் நோயா என்று பாருங்க

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் சாப்பிடாத பூனையைப் பார்த்ததும் முதலில் வர வேண்டிய சந்தேகம் நோய்தான்.

மனுஷன் 2 நாள் பட்டினி கிடந்தால் சோர்வான். பூனைக்கு அப்படி இல்லை. 2, 3 நாள் எதுவுமே சாப்பிடாவிட்டால், உடம்பில் உள்ள கொழுப்பு கரைந்து ஈரலில் போய் தேங்கும். ஈரல் செயலிழக்க ஆரம்பிக்கும். காது, ஈறு எல்லாம் மஞ்சளாகும். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். எனவே ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடவில்லை என்றால் மறுநாள் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். குட்டியாக இருந்தால் அவ்வளவு நேரம் கூட காத்திருக்கக் கூடாது.

வாந்தி, பேதியோடு சாப்பிடாமல் சுருண்டு கிடக்கும் குட்டிக்கு பூனைகளைத் தாக்கும் பார்வோ வகை வைரஸ் நோய் இருக்கலாம். இது மற்ற பூனைகளுக்கும் வேகமாகப் பரவும். தடுப்பூசி உண்டு. கிழங்கு மூட்டைக்கு எலி மருந்து வைத்த வீட்டில், செத்த எலியைத் தின்ற பூனையும் இப்படிக் கிடக்கலாம். வாய்ப்புண், பல்வலி இருந்தால் தட்டு வரை வந்து முகர்ந்துவிட்டு திரும்பிப் போகும்.

கடுவன் பூனை மணல் தட்டில் ரொம்ப நேரம் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் ஒரு மணி நேரம் கூட தாமதிக்கக் கூடாது. சிறுநீர்ப் பாதை அடைபட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பயந்து பயந்து வாழும் பூனைகளுக்கு மூத்திரப்பை அழற்சி வருவதும் மருத்துவர்கள் அறிந்த விஷயம்தான். வீட்டுத் தகராறு நோயாக மாறுவது இப்படித்தான்.

திடீரென அதிகமாக சாப்பிடுவதும் நல்ல அறிகுறி என்று சொல்ல முடியாது. சினையாக இருக்கலாம், பால் கொடுக்கும் தாயாக இருக்கலாம், அது இயல்பு. குடல் புழு இருக்கலாம். வயதான பூனை நிறைய தின்றும் இளைத்துக்கொண்டே போனால் தைராய்டு, சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலி உள்ள பூனை எரிச்சலில் மற்ற பூனையை அடிக்கும். சண்டைக்கே காரணம் நோயாக இருக்கும் வீடுகளும் உண்டு.

ஒரு முக்கிய எச்சரிக்கை. காய்ச்சலோ என்று நினைத்து பூனைக்கு பாராசிட்டமால் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம். ஒரே ஒரு மாத்திரை போதும், பூனை செத்துப் போகும்.

3 நாள் கவனிங்க

தட்டு காலியாக இருப்பதால் எல்லாப் பூனையும் சாப்பிட்டது என்று அர்த்தம் இல்லை. வீட்டில் ஒருத்தர் 3 நாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். எது முதலில் வருகிறது, எது காத்திருக்கிறது, எது வரவே இல்லை என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் நோட்டுப் போட்டு எழுதிவிடுவார்கள்.

எடையும் பாருங்கள். பூனையைப் பையில் வைத்து தராசில் நிறுத்தால் போதும். 3 கிலோ பூனையில் 300 கிராம் குறைவது நமக்கு சின்ன விஷயமாகத் தெரியும். 60 கிலோ மனுஷன் 6 கிலோ இளைத்தது மாதிரி அது. தராசு இல்லாவிட்டால் முதுகைத் தடவிப் பாருங்கள். முதுகெலும்பு கூராகத் தட்டுப்பட்டால் அந்தப் பூனைக்கு சாப்பாடு போய்ச் சேரவில்லை.

லைன் வீட்டில் என்ன செய்யலாம்?

வெளிநாட்டுப் புத்தகங்களில் பூனைக்கு ஒரு அறை என்று எழுதுவார்கள். 2 அறை லைன் வீட்டில் மனுஷனுக்கே இடம் இல்லை. கவலை வேண்டாம். அறை முக்கியம் இல்லை, ஒன்றை ஒன்று பார்க்காமல் சாப்பிடுவதுதான் முக்கியம்.

* பூனைக்கு ஒரு தட்டு. 3 பூனை என்றால் 3 தட்டு. தட்டுகளை வரிசையாக வைத்தால் பலன் இல்லை. ஒன்று அடுப்படியில், ஒன்று கட்டிலுக்கு அந்தப் பக்கம், ஒன்று உயரத்தில்.
* பயந்த பூனையின் தட்டை மேஜை, பெட்டி, அலமாரித் தட்டு என்று உயரமான இடத்தில் வையுங்கள். மேலே இருந்தால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே தைரியமாக சாப்பிடும்.
* மூலையில் சிக்கிக்கொள்ளும் இடத்தில் தட்டு வைக்காதீர்கள். தப்பிக்க இரண்டு வழி இருக்க வேண்டும்.
* நடுவில் ஒரு அட்டைப்பெட்டி அல்லது கேரட் கிரேட்டை நிறுத்தினாலே மறைப்பு ஆகிவிடும். காசு செலவு இல்லை.
* ஒரே வேளையில் கொட்டுவதை காலை, மாலை, படுக்கும் முன் என்று 3, 4 ஆகப் பிரித்துக் கொடுங்கள். மொத்த அளவைக் கூட்ட வேண்டாம்.
* தண்ணீர் கிண்ணம் 2 இடத்தில் இருக்கட்டும். சாப்பாட்டுத் தட்டை ஒட்டி வைக்காமல் தள்ளி வையுங்கள்.
* மணல் தட்டு, பூனை எண்ணிக்கையை விட ஒன்று கூடுதலாக இருப்பது நல்லது. முடியாவிட்டால் குறைந்தது 2 தட்டு, எதிரெதிர் மூலையில். மரத்தூளும் போடலாம்.

இதைச் செய்த வீட்டில் பல சமயம் வேறு வைத்தியமே தேவைப்படாது. ஒளிந்து கிடந்த பூனை தானாகவே இறங்கி வரும்.

வெறும் சாதம் போதாது

மீன் கழுவிய தண்ணீரை சாதத்தில் ஊற்றி வைப்பது பல வீட்டு வழக்கம். பூனை மாமிசம் தின்னும் பிராணி. டாரின் என்ற சத்து அதற்கு மாமிசத்தில் இருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பூனைக்கு கண்பார்வை போகும் என்று 1975-லும், இதயம் வீங்கி பலவீனமாகும் என்று 1987-லும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். தட்டில் மாமிசம் குறைவாக இருக்கும் வீட்டில் பூனைக்குள் போட்டி கடுமையாகத்தான் இருக்கும்.

கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் இதயம், குடலோடு வரும் கல்லீரல், மீன் தலையை வேக வைத்து, முள் எடுத்து சாதத்தோடு பிசைந்து கொடுக்கலாம். கல்லீரல் மட்டும் தினமும் வேண்டாம், அளவு மீறினால் எலும்பு பாதிக்கும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு கூடவே கூடாது, ரத்தம் கெடும். பால் பல பூனைக்கு ஒத்துக்கொள்ளாமல் பேதியாகும். கருவாட்டில் உப்பு அதிகம், ருசிக்கு ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

சண்டை முத்திப் போச்சா?

ரத்தம் வரும் அளவுக்கு சண்டை என்றால் 'அடிச்சுக்கிட்டு அதுங்களே சரியாகட்டும்' என்று விட்டுவிடக் கூடாது. பூனைகள் சண்டை போட்டு சமாதானம் ஆவதில்லை, பகைதான் வளரும். நடுவில் கையை விடவும் கூடாது. ஒரு அட்டையையோ, கம்பளியையோ நடுவில் போட்டு மறையுங்கள். அடிப்பது, தண்ணீர் ஊற்றுவது பயத்தைத்தான் கூட்டும்.

பிறகு சில நாள் தனித்தனியாக வையுங்கள். ஒரு துணியால் ஒன்றின் கன்னத்தைத் துடைத்து, அந்தத் துணியை மற்றது படுக்கும் இடத்தில் போடுங்கள். வாசனை பழகும். அடுத்து மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. இரண்டும் நிம்மதியாக சாப்பிட்டால் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக கதவுக்கு அருகே நகர்த்துங்கள். அப்புறம் கதவை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். சீறினால் ஒரு படி பின்னால் போங்கள். ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். அவசரப்பட்டால் மறுபடி முதலில் இருந்துதான்.

ஊசி போட்டுத் திரும்பும் பூனையையும் உடனே கூட்டத்தில் விடாமல், ஒரு நாள் தனியாக வைத்து, வீட்டு வாசனை ஏறிய பிறகு விட்டால் பாதி தகராறு குறையும்.

கருத்தடை அவசியம்

ஒரே வீட்டில் பூனை எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் எத்தனை தட்டு வைத்தாலும் போதாது. பெட்டைப் பூனை பிறந்த 4, 5 மாதத்திலேயே சினையாகும் வாய்ப்பு உண்டு. சுமார் 9 வாரத்தில் குட்டி போடும். கடுவன்களுக்கு அறுவை செய்தால் சண்டையும், வீட்டில் சிறுநீர் தெளிப்பதும் பெரும்பாலும் குறையும். அறுவைக்குப் பிறகு பசி கூடும், ஆனால் உடம்புக்குத் தேவை குறையும். அதனால் அளவு பார்த்து சாப்பாடு போட வேண்டும்.

ஊட்டியில் வேர்ல்ட்வைடு வெட்டர்னரி சர்வீஸ் என்ற அமைப்பின் சர்வதேச பயிற்சி மையம் உள்ளது. நாய்களுக்கு கருத்தடை செய்வதில் இங்கு மருத்துவர்களுக்கு பயிற்சி தருகிறார்கள். இங்கோ, அரசு கால்நடை மருத்துவமனையிலோ பூனைக்கு எந்த நாளில் செய்வார்கள் என்று போன் செய்து கேட்டுவிட்டு பஸ் ஏறுவது நல்லது.

கடித்தால் அலட்சியம் வேண்டாம்

சண்டையை விலக்கப் போய் கடி வாங்குவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களும், பிள்ளைகளும்தான். 'நம்ம வீட்டுப் பூனைதானே' என்று மஞ்சள் வைத்து விட்டுவிடுகிறார்கள். வெறிநோய் நாய்க்கு மட்டும் வரும் நோய் இல்லை. வெளியே சுற்றும் பூனைக்கும் வெறிநாய் கடித்தால் வரும். அறிகுறி தெரிந்த பிறகு மனுஷனைக் காப்பாற்ற வழி கிட்டத்தட்ட இல்லை.

வெறிநாய்க்கடி தடுப்பு மருந்துக்காக 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்ட மாவட்டம் இது. இந்த விஷயத்தில் நமக்கு அலட்சியம் கூடாது. பூனை கடித்தாலோ, பிராண்டினாலோ உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கு ஊசி இலவசம். எத்தனை நாள் வரச் சொல்கிறார்களோ அத்தனை நாளும் போய் முடிக்க வேண்டும். பூனைக்கும் வருஷா வருஷம் வெறிநோய் தடுப்பூசி போட்டுவிட்டால் கவலை பாதியாகக் குறையும்.

ஆக, இன்றைக்கு ராத்திரியே செய்யக்கூடிய வேலை ஒன்றுதான். ஒரு தட்டை எடுத்துவிட்டு, பூனைக்கு ஒன்றாகத் தட்டு வையுங்கள். தள்ளித் தள்ளி வையுங்கள். அப்படியும் மறுநாள் வரை ஒரு பூனை வாய் வைக்கவில்லை என்றால், அது பயம் இல்லை, நோய். சாக்குப்பையைத் தேடாமல் கால்நடை மருத்துவரைத் தேடுங்கள்.